பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கவுன்சிலர்

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவை 2022 சென்னை மாநகராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி நாலைந்து பேர் போய்க் கேட்டோம். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறாது, எந்தச் சாக்கடை மூடி மழைக்குக் கிளம்பும், எந்தக் கிழவிக்கு முதியோர் பணம் நின்றுபோனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இட்லி ஊற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைய யாரு பாக்கறது தம்பி?"

எங்களிடம் பதில் இல்லை. அப்போது மாநகராட்சி உறுப்பினர்களுக்கு மாதாமாதம் என்று எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி, அவ்வளவுதான். 2023 ஜூலையிலிருந்துதான் மாத மதிப்பூதியம் வந்தது: மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, மாமன்ற உறுப்பினருக்கு 10,000 ரூபாய். நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். செலவெல்லாம் போகக் கடையில் அவருக்கு நாளைக்கு ஆயிரம் ரூபாய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு போனாலும் மாதம் 26,000.

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை யோசிக்க இதுதான் நேரம். வழி மூன்று தெரிகிறது. இப்போது இருப்பதையே தொடர்வது ஒன்று. எல்லோருக்கும் முழுநேரச் சம்பளம் என்பது இன்னொன்று. மூன்றாவது, பொறுப்பைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொன்றையும் நான் அக்காவின் கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன். வேறு அளவுகோலும் இருக்கலாம், ஆனால் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு சாதாரண ஆள் உள்ளே வர முடியாத மாமன்றம், யாருக்கான மாமன்றம் என்பதே எனக்குப் புரியவில்லை.

இப்போது இருப்பதே போதுமா?

போதும் என்பவர்கள் சொல்வது எளிமையானது. மக்கள் சேவைக்கு வந்தவருக்குச் சம்பளம் எதற்கு? சொந்தத் தொழில் இருப்பவர் வரட்டும், நேரம் கிடைக்கும்போது வார்டைப் பார்க்கட்டும். பதவி போனால் தொழிலுக்குத் திரும்பிவிடுவார், அதனால் யாருக்கும் அடங்கிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்திருந்தார்கள். குப்பை அள்ளுகிறவர்கள் தெருவில் இருக்க, உள்ளே இருக்கும் 200 கவுன்சிலர்களுக்குச் சம்பளம் ஏற்றுவது என்றால் கேட்கிறவர் காதுக்கு எப்படி இருக்கும்? நியாயமான கோபம்தான்.

ஆனால் 'நேரம் கிடைக்கும்போது வார்டைப் பார்ப்பது' என்ற பேச்சு சென்னைக்கு ஒத்து வராது. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர், வார்டு 200. அன்றைக்கே ஒரு வார்டுக்கு முப்பத்து மூவாயிரம் பேர். கிராமத்துப் பக்கம் இத்தனை பேருக்கு ஒரு பேரூராட்சியே இருக்கும், தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள் எல்லாம் சேர்த்து.

அந்த முப்பத்து மூவாயிரம் பேரின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஆறு மணிக்குக் குப்பை வண்டி வரவில்லை என்று போன். ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி. எட்டு மணிக்குப் பாதாள சாக்கடை பொங்கிப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்தின் வேலை, மின்சாரம் மின்வாரியத்தின் வேலை. ஓட்டுப் போட்டவருக்கு அந்தப் பிரிவினை எதற்கு? முகம் தெரிந்த ஒரே ஆள் கவுன்சிலர்தான். அப்புறம் உதவிப் பொறியாளரை, அதாவது ஏ.இ.-யைப் பார்க்கணும், மண்டலக் குழுக் கூட்டம், சாலை எஸ்டிமேட், மழைநீர் வடிகால் வேலை நடக்கும் இடத்தில் தோண்டிப் போட்ட பள்ளம், யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று திட்டு வாங்கியவர்களில் கவுன்சிலர்களும் உண்டு. அது பகுதிநேர வேலை இல்லை.

கவுன்சிலரே இல்லாமல் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை அப்படித்தான் ஓட்டினோம். கொரோனா வந்தது அந்த இடைவெளியில்தான். 1913-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு மிச்சம் தெரியும்.

ஆக, முழுநேர வேலை, கால்நேரக் காசு. இந்த ஊரில் பத்தாயிரத்துக்கு ஓர் ஒற்றைப் படுக்கையறை வீடு கிடைப்பதே பல இடங்களில் கஷ்டம். அப்படியானால் அந்த வேலையை யாரால் செய்ய முடியும்? வாடகை வருமானம் உள்ளவர், ரியல் எஸ்டேட் செய்பவர், கட்சி செலவைப் பார்த்துக்கொள்ளும் ஆள், அல்லது வீட்டுக்காரர் சம்பாதிக்கும் பெண். அந்த வீட்டுக்காரரே கடைசியில் வார்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நாம் அறியாததா?

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. குடவோலை என்று நாம் பெருமையாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை, முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-இல் வெட்டியதை, எடுத்துப் பாருங்கள். குடத்தில் பெயர் போட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். நிலம் இல்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. இன்றைக்குச் சட்டத்தில் அந்த விதி இல்லை. மாத வருமானக் கணக்கில் இருக்கிறது.

பிரிட்டனில் 1911 வரைக்கும் எம்.பி.-க்களுக்கே சம்பளம் கிடையாது. தொழிலாளர் கட்சிக்காரர்களுக்குத் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்துச் சாப்பாடு போட்டன. சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவழிக்கக் கூடாது என்று 1909-இல் தீர்ப்பு வந்ததும் அவர்கள் திண்டாடிப் போனார்கள். இரண்டே வருடத்தில் ஆண்டுக்கு 400 பவுண்ட் அரசுச் சம்பளம் வந்தது. உறுப்பினருக்கு யாராவது ஒருவர் சாப்பாடு போட்டுத்தான் ஆக வேண்டும். அது சங்கமா, கட்சியா, கான்ட்ராக்டரா, வரி கட்டும் நாமா என்பதுதான் பேச்சு.

எல்லோருக்கும் முழுச் சம்பளம்

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் பலரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையே இல்லாததும் இதுதான். இப்போதைய மதிப்பூதியம் 200 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம். ஆளுக்கு 50,000 என்று வைத்தால் 12 கோடி. மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் எட்டாயிரம் கோடிக்கு மேல். அந்த 67 லட்சம் பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு ஆண்டுக்கு 18 ரூபாய். ஒரு டீ.

எம்.எல்.ஏ.-வோடு ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.-வின் சம்பளமும் படிகளும் சேர்ந்து 2017 அறிவிப்பில் 55,000-லிருந்து 1,05,000 ஆனது. சென்னையில் ஒரு தொகுதிக்குள் ஏழெட்டு வார்டுகள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கவுன்சிலர்களும் சேர்ந்து வாங்குவது 80,000, அந்த ஓர் எம்.எல்.ஏ. வாங்குவதைவிடக் குறைவு. சாக்கடை பொங்கினால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்?

எனவே எனக்குத் தயக்கம் காசில் இல்லை. வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஊழலை எடுத்துக்கொள்வோம். 'நல்ல சம்பளம் கொடுத்தால் கை நீட்ட மாட்டார்கள்' என்று எல்லோரும் சொல்கிறோம். என் உறவினர் ஒருவர் புறநகரில் வீடு கட்டினார். கடைக்கால் தோண்டிய மூன்றாம் நாள் ஒருவர் பைக்கில் வந்து, "சார், அண்ணன் பாத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். அண்ணன் யார், எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தளம் போடும்போது இன்னொரு தடவை. அந்த அண்ணனுக்கு மாதம் ஐம்பதாயிரம் சம்பளம் வந்திருந்தால் பைக்கை அனுப்பாமல் இருந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாநகர மன்றத்தில் 15 பேர்தான். ஆண்டுச் சம்பளம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல், அமெரிக்க நகரங்களிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருப்பது. அங்கே உறுப்பினராக இருந்த ஹொசே ஹுய்சார் என்பவருக்குக் கட்டட முதலாளிகளிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2024-இல் 13 ஆண்டு சிறை. சம்பளம் பேராசையைத் தடுக்காது.

அதற்காகச் சம்பளம் இல்லாத காலம் சுத்தமாக இருந்தது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. மஸ்டர் ரோல் ஊழல் என்று பெரியவர்கள் சொல்வார்களே, இல்லாத ஆட்கள் பெயரில் கூலி எழுதிய விவகாரம். அதில்தான் 1973-இல் சென்னை மாமன்றமே கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். இருபத்து மூன்று வருடம்! சம்பளம் தேவனையும் அசுரன் ஆக்காது, அசுரனையும் தேவன் ஆக்காது. கை நீட்டாமல் பிழைக்க நினைப்பவருக்கு அது ஒரு வழியைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

இரண்டாவது தயக்கம், தொழிலை விடுவது. முழுச் சம்பளம் என்றால் வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வர வேண்டும். நியூயார்க் நகர மன்றத்தில் 2016-இல் 51 உறுப்பினர்களின் சம்பளத்தை 1,48,500 டாலராக ஏற்றியபோது வெளி வருமானத்துக்குப் பெரும்பாலும் தடை போட்டார்கள். இங்கே அந்தத் தடை யாரைப் பிடிக்கும்? கான்ட்ராக்ட் மச்சான் பெயரில் இருக்கும், லாரி மனைவி பெயரில் இருக்கும். மாட்டுவது இட்லிக்கடை அக்காதான், ஏனென்றால் அவர் கடை தெருமுனையில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஐந்து வருடம் கடையை மூடிவிட்டு, அடுத்த தடவை சீட்டு கிடைக்கவில்லை என்றால் அவர் எங்கே போவார்? வாடிக்கையாளர்கள் அடுத்த தெரு மெஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். திரும்பிப் போக இடம் இல்லாதவர் கட்சி மாவட்டச் செயலாளர் சொல்வதற்கு மண்டையை ஆட்டிக்கொண்டேதான் இருப்பார். சொந்தத் தொழில் உள்ளவர் யாருக்கும் அடங்கத் தேவையில்லை என்று முதல் தரப்பு சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

மூன்றாவது, அதிகாரம். மாநகராட்சியின் நிர்வாகம் ஆணையர் கையில். ஆணையர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1992-இல் நிறைவேறிய 74-வது அரசியல் சாசனத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை எழுதி, நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. குடிநீர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னையில் அது இன்னும் வாரியத்திடம்தான். நியூயார்க்கில் ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 1,70,000 பேர், கையில் நகரச் சட்டம் இயற்றும் அதிகாரம். அந்தச் சம்பளத்தை மட்டும் பெயர்த்து இங்கே வைத்தால், ஏ.இ.-யிடம் மனு கொண்டு போகும் ஆளுக்கு அதிகாரிச் சம்பளம் கொடுத்த கதையாகும்.

பிரித்துக் கொடுத்தால்

இங்கேதான் நான் நிற்கிறேன், சில்லறைத் திருத்தங்களோடு.

மேயர், துணை மேயர், 15 மண்டலக் குழுத் தலைவர்கள், நிலைக்குழுத் தலைவர்கள் என்று இருபத்தைந்து பேருக்குள் வருவார்கள். இவர்கள் டெண்டரும் கணக்கும் பார்க்கிறவர்கள். இவர்களுக்கு முழுநேரச் சம்பளம், வேறு தொழிலுக்குத் தடை, ஆண்டுக்கு ஒரு முறை சொத்துக் கணக்கு. மேயருக்கு முப்பதாயிரம் கொடுத்துவிட்டு எட்டாயிரம் கோடி பட்ஜெட்டைத் தாக்கல் செய்யச் சொல்வதெல்லாம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு 25,000 ரூபாய், தொழிலை வைத்துக்கொள்ளலாம். மும்பையில் 2017-லேயே உறுப்பினருக்கு 25,000 ஆக்கிவிட்டார்கள், நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

சரி, 25,000 வாங்கிக்கொண்டு முழுநேர வேலையை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் ஒரு குமாஸ்தா தேவை. வார்டுக்கு ஓர் அலுவலகம், அதில் ஒரு முழுநேர எழுத்தர், மாநகராட்சி சம்பளம் கொடுக்கும் ஆள், கட்சிக்காரர் இல்லை. 'மாமன்ற உறுப்பினர் அலுவலகம்' என்று போர்டு மாட்டிய அறை சில இடங்களில் இருக்கிறது. எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அந்த அறைக்கே தெரியாது. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஒருவர் உட்கார்ந்து, மனுவுக்கு எண் போட்டு, மெட்ரோ வாட்டருக்குப் போக வேண்டியதை அங்கேயும் மின்வாரியத்துக்குப் போக வேண்டியதை அங்கேயும் அனுப்பி, பதில் வந்ததா என்று பார்த்தால் கவுன்சிலரின் வேலையில் பாதி குறையும். மிச்சப் பாதி, அதாவது எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், எந்த எஸ்டிமேட்டில் பூதம் இருக்கிறது என்று பார்ப்பது, அதுதான் தேர்ந்தெடுத்தவர் செய்ய வேண்டிய வேலை.

கணக்கைப் பாருங்கள். 200 பேருக்கு 25,000 என்றால் ஆண்டுக்கு 6 கோடி. 200 எழுத்தர்களுக்கும் அதே 25,000 வைத்தால் இன்னொரு 6 கோடி. முழுச் சம்பளத்துக்கு ஆகும் அதே 12 கோடி. தலைவர்களுக்கு 75,000 என்று வைத்தால் மேலே ஒன்றரைக் கோடிதான் கூடும். ஒரே காசுக்கு, ஒரு வீட்டுக்கு ஐம்பதாயிரம் போவதா, இல்லை பாதியை வீட்டுக்கும் பாதியை வார்டில் திறந்திருக்கும் ஒரு கதவுக்கும் கொடுப்பதா என்று கேட்டால் நான் கதவைத்தான் கேட்பேன்.

நிபந்தனைக்கும் உத்திரமேரூருக்கே போகலாம். நிலம் கேட்ட அதே கல்வெட்டு, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினர்களையும் குடத்தில் சேர்க்காதே என்றும் சொல்கிறது. மச்சான் பெயரில் கான்ட்ராக்ட் எடுக்கும் வித்தை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! வார்டில் ஏரியா சபையை, அதாவது பகுதி மக்கள் கூட்டத்தை, உரிய காலத்தில் கூட்டி வரவு செலவைப் படிக்காதவருக்கு அந்த மாதத் தொகை கிடையாது என்று எழுதலாம். உறவினர் கான்ட்ராக்ட் எடுத்தால் பதவியே கிடையாது என்று எழுதலாம்.

இந்த வழியின் ஓட்டையை அக்காவே காட்டினார். 25,000 என்றதும் கொஞ்சம் யோசித்தார். "காலையில நாத்தனார் போட்டுடுவா. சாயந்தரக் கடைய நானே பாத்துப்பேன். முடியும் தம்பி" என்றார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சீட்டுக்கு என்ன கேப்பாங்க?" என்றார். 2022-இல் சென்னை வார்டு வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு 90,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் ஒரு வார்டில் ஜெயித்த கதையை எங்கள் பகுதியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பளம் ஏறினால் சீட்டின் விலையும் ஏறும் என்ற பயம் பொய்யில்லை. மாதம் 50,000 என்றால் ஐந்து வருடத்தில் 30 லட்சம், 25,000 என்றால் 15 லட்சம். ஏலம் கேட்பவர் கண்ணுக்கு இரண்டாவது கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்பதைத் தாண்டி என்னிடம் இதற்குப் பதில் இல்லை. சுயேச்சையாக நிற்பவருக்கு மட்டும் அந்தக் கணக்கு வேறு.

கடைசியாக ஒரு விஷயம், எந்த வழியை எடுத்தாலும் இது பொருந்தும். 2023 ஜூலையில் மதிப்பூதியம் வந்தபோது தேர்தல் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பலன் அடைந்தவர்கள் அது இல்லாமலேயே நிற்க முடிந்தவர்கள். அது வரும் என்று தெரிந்திருந்தால் நின்றிருக்கக் கூடியவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாமன்றத்துக்கு என்ன தொகை என்பது 2027-க்கான வேட்புமனு வாங்கத் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பாவது அரசாணையாக வந்துவிட வேண்டும். நாத்தனாரிடம் பேசி, கடைக்கு ஆள் பார்த்து, பழக்கிவிட அக்காவுக்கு அந்த ஆறு மாதம் வேண்டும்.